ஆழாக்கில் தொடங்கும் தண்ணீர்க் கணக்கு

2018-இல் வடகிழக்குப் பருவமழை ஏமாற்றியதன் முழு விளைவையும் சென்னை 2019 கோடையில்தான் அனுபவித்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஜூன் மாதத்தில் ஏறக்குறைய வறண்டுபோயின. வழக்கமாக நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் அளவுக்கு நகரத்துக்கு வழங்கப்பட்டுவந்த குடிநீர் 52 கோடி லிட்டர் அளவுக்குக் குறைந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ஏற்றிய முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மடிப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் ஆழ்துளைக் கிணறு அதற்கு வெகு முன்பே வெறும் காற்றை இழுக்கத் தொடங்கிவிட்டதால், லாரித் தண்ணீரைச் சம்ப்பில் நிரப்பி, காலையில் ஒரு மணி நேரமும் மாலையில் ஒரு மணி நேரமும் மட்டும் குழாயில் விடுவது என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவானது.

அந்த ஏற்பாட்டினால் எங்களுக்கு ஒரு நன்மை கிடைத்தது. குழாயில் எந்நேரமும் தண்ணீர் வரும் வீட்டில், எந்த வேலைக்கு எவ்வளவு செலவாகிறது என்பது யாருடைய கண்ணுக்கும் தெரியாது. வாளியிலும் குடத்திலும் பிடித்து வைத்துக்கொண்டு சமைக்கும்போதோ, ஒவ்வொரு வேலையும் எத்தனை சொம்பு குடிக்கிறது என்பது கண்முன்னே தெரிந்துவிடுகிறது. நான்கு பேர் கொண்ட எங்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் இரண்டு குடம் தாராளமாகப் போதுமாக இருந்தது. அதைப்போலப் பல மடங்கு பாத்திரம் துலக்கவும், காய்கறியும் கீரையும் கழுவவும், மேடையைத் துடைக்கவும் போய்க்கொண்டிருந்தது. சமையலறையில் தண்ணீரைச் சேமிப்பது என்றவுடன் பலரும் உலை நீரையும் அரிசி களைந்த நீரையும் பற்றித்தான் பேசுகிறார்கள். உண்மையில் கணக்கின் பெரும்பகுதி தொட்டியடியில்தான் கரைகிறது.

உங்கள் வீட்டில் நிலவரம் எப்படி என்று பார்ப்பது மிக எளிது. பத்து லிட்டர் வாளியைத் தொட்டிக் குழாயின் கீழே வைத்து முழுவதும் திறந்துவிட்டு, நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிட்டது. அப்படியானால், குழாயைத் திறந்து வைத்துக்கொண்டே பதினைந்து நிமிடம் பாத்திரம் துலக்கினால் 150 லிட்டருக்குக் குறையாமல் போகிறது என்று பொருள். குழாய் முனையில் திருகிப் பொருத்தும் ஏரேட்டர் என்ற சிறு உருளை, காற்றைக் கலந்து விடுவதால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் அளவில் விடும் வகைகள்கூடக் கடைகளில் கிடைக்கின்றன, விலையும் அதிகமில்லை. உப்புத் தண்ணீர் வரும் பகுதிகளில் அதன் வலையில் சுண்ணாம்புபோல் படிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், அவ்வப்போது கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் கழுவிப் பூட்ட வேண்டியிருக்கிறது. இதைச் செய்யச் சோம்பிப் பலர் அதைக் கழற்றி எறிந்துவிடுவதை எங்கள் அடுக்ககத்திலேயே பார்த்திருக்கிறேன்.

ஏரேட்டரைவிட அதிகம் பயன்பட்டது இரண்டு தொட்டி முறைதான். அகலமான பிளாஸ்டிக் டப் இரண்டு. ஒன்றில் தேய்த்த பாத்திரத்தை முதலில் அலசுவது, மற்றொன்றில் நல்ல தண்ணீரில் முக்கி எடுப்பது. முதல் டப் கலங்கியதும் அதைக் கழிப்பறைக்கு ஊற்றிவிட்டு, இரண்டாவது டப் முதலாவதாகிறது. புதிதாகப் பிடிப்பது ஒரு டப் மட்டுமே. இதில் வெற்றியும் தோல்வியும் பாத்திரங்களின் வரிசையில் இருக்கிறது. தம்ளர், டவரா, தயிர் படாத கிண்ணங்கள் முதலில், தட்டுகள் அடுத்து, எண்ணெய்ச் சட்டியும் மீன் சட்டியும் கடைசியில். எண்ணெய்ப் பாத்திரம் ஒன்று நடுவில் புகுந்தால்கூட டப் முழுவதும் பிசுக்காகி, மீண்டும் தண்ணீர் மாற்ற வேண்டி வரும். எண்ணெய்ச் சட்டியை அது சூடாக இருக்கும்போதே பழைய செய்தித்தாளால் ஒருமுறை வழித்துத் துடைத்துவிட்டால், பாதி வேலை தண்ணீர் படுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. மாவுச்சத்துப் பாத்திரங்களுக்கு இதற்கு நேர்மாறான வழி: தோசை மாவுப் பாத்திரம், சோற்றுக் குக்கர், கூழ்ச் சட்டி ஆகியவற்றைக் காயவே விடக்கூடாது. காலியான உடனே கால் சொம்புத் தண்ணீர் விட்டு மூடி வைத்தால் கையால் வழித்தாலே வந்துவிடும். காய்ந்துபோனால் சுரண்டிச் சுரண்டி ஒரு வாளியைத் தீர்த்துவிடும்.

இந்த முறையை எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாள் எளிதில் ஏற்கவில்லை. "ஓடுற தண்ணியில அலசினாத்தான் அக்கா எனக்குச் சுத்தமாத் தோணும், இது என்னவோ ஒரே தண்ணியில முக்குற மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எந்த வீட்டிலும் சோப்பு நாற்றம் வந்தால் திட்டு வாங்குவது அவர்தான். எனவே இரண்டாவது டப்பில் முக்கியபின், குழாயை நூலாகத் திறந்து தம்ளர்களை மட்டும் ஒருமுறை காட்டி எடுப்பது என்று உடன்பாடு செய்துகொண்டோம். டப்பை உயரமான முக்காலியில் வைத்ததும் அவருடைய முதுகுவலிக்கும் அது ஒத்துவந்தது. வீட்டில் தண்ணீர்ச் சிக்கனம் என்று பேசுகிற ஆண்கள், அந்தச் சிக்கனத்தின் உடலுழைப்பு யார் தலையில் விழுகிறது என்று பெரும்பாலும் பார்ப்பதில்லை. லாரி வரும் நாளில் குடம் தூக்கியவர்களில் பெண்களே மிகுதி. எந்த யோசனையைச் சொன்னாலும் அது துலக்குகிறவருக்குக் கூடுதல் வேலையா, குறைந்த வேலையா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. கூடுதல் வேலையாக இருந்தால் அது ஒரு வாரத்துக்கு மேல் நிற்காது.

அப்படிப் பார்த்தால், துலக்கும் தண்ணீரைக் குறைப்பதற்கு நேர்வழி துலக்க வேண்டிய பாத்திரங்களைக் குறைப்பதுதான். குக்கரின் அடுக்குப் பாத்திரங்களில் அடியில் பருப்பு, அதன்மேல் சோறு, மேல்தட்டில் உருளைக்கிழங்கோ பீட்ரூட்டோ வைத்து ஒரே ஆவியில் வேகவைக்கலாம். துவரம்பருப்பை அரைமணி நேரம் ஊறவைத்துவிட்டால் அரிசியோடு சேர்ந்து வெந்துவிடும். தாளிப்பதற்குத் தனிக் கரண்டி, வதக்குவதற்குத் தனிச் சட்டி, கொதிக்க வைப்பதற்குத் தனிப் பாத்திரம், பரிமாறுவதற்கு வேறொரு கிண்ணம் என்று ஒரு குழம்புக்கு நான்கு பாத்திரம் அழுக்காகிற வழக்கத்தை மாற்றி, குழம்பு வைக்கும் பாத்திரத்திலேயே தாளித்து, வதக்கி, கொதிக்கவிட்டு, அதையே சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். விருந்தினர் வந்தால் மட்டும் பழைய முறை.

மிக்சி ஜாரை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காலைச் சமையலில் அதிகமாகக் கழுவப்படுவது அதுதான். அரைக்க வேண்டியவற்றைக் காய்ந்ததிலிருந்து ஈரத்துக்கும், மணமும் நிறமும் குறைந்ததிலிருந்து மிகுந்ததற்கும் வரிசைப்படுத்திக்கொண்டால் நடுவில் கழுவவே வேண்டாம். முதலில் மிளகு சீரகத்தை ரசத்துக்கு உலர்வாகப் பொடித்து எடுப்பது. அடுத்து பொட்டுக்கடலை சேர்த்த தேங்காய்ச் சட்னி. சட்னியில் மிளகு மணம் இலேசாக ஏறினால் யாரும் குறை சொல்வதில்லை. மூன்றாவதாகக் குழம்புக்குத் தேங்காயும் சோம்பும். கடைசியில் வெங்காயம், தக்காளி, காய்ந்த மிளகாய் வதக்கல். ஒவ்வொரு முறையும் ஜாரில் இரண்டு கரண்டித் தண்ணீர் விட்டு ஒரு சுற்றுச் சுற்றி, அந்தத் தண்ணீரைச் சட்னியிலோ குழம்பிலோ ஊற்றிவிட வேண்டும். பிளேடின் அடியில் ஒட்டியிருக்கும் தேங்காய் விழுதும் வீணாகாது; ஜாரும் முக்கால் பங்கு கழுவப்பட்டுவிடும். கிரைண்டருக்கும் இதே வழிதான். மாவை வழித்தெடுத்தபின் கல்லில் ஒரு தம்ளர்த் தண்ணீர் விட்டு ஓட்டி, அந்த நீர்த்த மாவைத் தனியே குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டால், இரண்டு நாள் கழித்து இட்லி மாவைத் தோசைக்கு இளக்கும்போது அது பயன்படும்.

அரிசி களைந்த நீருக்கு எங்கள் வீட்டில் ஏற்கெனவே மரியாதை உண்டு. என் மாமியார் காரைக்குடிப் பக்கத்தவர். முதல் கழுவல் தூசும் தவிடுமாக இருக்கும் என்பதால் அது கறிவேப்பிலைத் தொட்டிக்கு. இரண்டாவது கழுவலைத் தனியே எடுத்து வைத்து அதில் புளியை ஊறவைத்து வெண்டைக்காய் மண்டி வைப்பார். செட்டிநாட்டு மண்டிக்கு அந்தக் கழுநீரின் இளங்கெட்டித்தன்மைதான் உடம்பு. வெறும் தண்ணீரில் வைத்தால் அது வெறும் புளிக்குழம்பாகிவிடும். கீரை மசியலுக்கும் சாதாரணக் காரக் குழம்புக்கும்கூட அந்த நீர் நன்றாகவே சேரும். வடித்த கஞ்சியில் உப்பும் மோரும் சேர்த்துக் குடிப்பது வேறு வழக்கம். ஆனால் தண்ணீர் தட்டுப்பாட்டில் வடித்துச் சமைப்பது கட்டுப்படியாகவில்லை. பச்சரிசி ஒன்றுக்கு இரண்டு, புழுங்கலரிசி ஒன்றுக்கு மூன்று என்று அளந்து விட்டுக் குக்கரில் வைத்தால் நீரும் மிஞ்சாது, கஞ்சியோடு வெளியேறும் பி வகை வைட்டமின்களும் சோற்றிலேயே தங்கிவிடும். கஞ்சியைக் குடித்துவிடும் வீட்டில் வடிப்பதில் நட்டம் ஒன்றுமில்லை. கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றிக்கொண்டே வடிசோறுதான் உடம்புக்கு நல்லது என்று வாதாடுகிறவர்களோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

காய்கறி கழுவுவதில் கீரைதான் பெரிய செலவாளி. ஆற்று மணலோடு வரும் அரைக்கீரையைக் குழாயடியில் பிடித்து அலசினால் மணல் தண்டின் கணுவிலேயே ஒட்டிக்கொள்ளும்; தண்ணீரோ ஓடிக்கொண்டே இருக்கும். வேரை நறுக்கி எறிந்துவிட்டு, அகன்ற பாத்திரம் நிறையத் தண்ணீரில் கீரையைப் போட்டு, கையால் நன்றாகக் கலைத்து, ஐந்து நிமிடம் அசையாமல் விட வேண்டும். மணல் அடியில் படிந்தபின் கீரையை மேலிருந்து அள்ளி எடுக்க வேண்டுமேயன்றி, தண்ணீரோடு சேர்த்து வடிகட்டியில் கவிழ்க்கக் கூடாது. கவிழ்த்தால் படிந்த மணல் அத்தனையும் மீண்டும் கீரைமேல் ஏறிவிடும். இப்படி அள்ளி எடுத்தால் இரண்டு முறையில் முடிந்துவிடுகிறது. முதல் தண்ணீர் செடிக்கு. இரண்டாவது தண்ணீரில் கத்தரிக்காயையோ உருளைக்கிழங்கையோ போட்டுக் கழுவலாம். நறுக்கியபின் கழுவுவதால் சத்தும் போகிறது, தண்ணீரும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீடுகளில் உள்ள பல இயந்திரங்கள் ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு, மூன்று லிட்டரைக் கழிவாக வெளியேற்றுகின்றன. கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள நீருக்கு ஆர்.ஓ. தேவையில்லை, அங்கு அதைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதத்தில் உத்தரவிட்டது. லாரித் தண்ணீருக்கு எங்களால் அதை நிறுத்த முடியவில்லை, கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் காட்டிய எண் அப்படி. எனவே கழிவுக் குழாயை நீட்டி ஒரு குடத்தில் விட்டோம். அந்த நீரைத் தரை துடைக்கவும், பாத்திரத்தின் முதல் அலசலுக்கும், கழிப்பறைக்கும் பயன்படுத்தலாம். தொட்டிச் செடிகளுக்கு நாள்தோறும் ஊற்றினால் உப்பு மண்ணில் சேர்ந்து இலை நுனி கருகும் என்பதால் அங்கு மட்டும் விடுவதில்லை.

இவையெல்லாம் குழாய்த் தண்ணீரின் கதை. சமையலறையில் இன்னொரு தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. அது இதைவிடப் பெரியது. ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்து, சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குத் தேவைப்படுகிறது என்பது நெல் ஆய்வாளர்கள் பரவலாகச் சொல்லும் கணக்கு. நாங்கள் காத்துக் கிடந்து வாங்கிய லாரியின் கொள்ளளவு 12,000 லிட்டர். அதாவது ஒரு லாரித் தண்ணீர், ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவான நெல். அரிசியாக்கினால் ஏறக்குறைய மூன்று கிலோ. ஓர் ஆழாக்கு (168 மில்லி) அரிசியின் சோறு குப்பைக்குப் போனால் 500 லிட்டர் போகிறது. டப் முறையில் நாங்கள் மூன்று, நான்கு நாள் பாடுபட்டு மிச்சம் பிடித்ததை ஒரு கிண்ணம் ஊசிப்போன சாதம் அழித்துவிடுகிறது.

வயலின் தண்ணீர் வேறு, என் வீட்டுச் சம்ப்பின் தண்ணீர் வேறு, சோற்றை வீணாக்காவிட்டால் என் குழாயில் ஒரு சொட்டாவது கூடுதலாக வருமா என்று கேட்கலாம். கேள்வி சரியானதுதான். ஆனால் சென்னைவாசி இதை முழுவதும் தள்ளிவிட முடியாது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரிக்குக் காவிரி நீர் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. காட்டுமன்னார்கோயில் சுற்றுவட்டாரத்து நெல்வயல்களுக்கும் அது பாய்கிறது, 2004-இல் நிறைவேறிய புதிய வீராணம் திட்டத்தின் குழாய் வழியாக இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து சென்னைக்கும் வருகிறது. நான்கு ஏரிகளும் காய்ந்திருந்த 2019-இல் நகரத்தைத் தாங்கியவற்றுள் அந்த ஏரியும் ஒன்று. ஒரே ஏரியின் நீர் தட்டில் சோறாகவும் தம்ளரில் தண்ணீராகவும் இருக்கும்போது இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்திருப்பதில் பொருளில்லை.

உணவு வீணாவது என்றதும் நம் நினைவுக்குக் கல்யாண மண்டபமும் ஓட்டல்களும்தான் வருகின்றன. ஆனால் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022-இல் உலகில் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் சேர்த்து 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில். எங்கள் வீட்டில் எது வீணாகிறது என்று பார்ப்பதற்காகக் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளை ஒட்டி, கொட்டும்போதெல்லாம் என்ன, எவ்வளவு, ஏன் என்று மூன்றே சொல்லில் எழுதிவைத்தோம். 'சாம்பார், இரண்டு கரண்டி, புளித்துவிட்டது'. 'கொத்தமல்லி, அரைக் கட்டு, அழுகல்'. 'பொரியல், பள்ளிக்கூட டப்பா, பிடிக்கவில்லை'. காய்கறித் தோலும் காம்பும்தான் அதிகம் போகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். தாளில் அதிகம் இடம்பிடித்ததோ சமைத்து முடித்த உணவு. அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு, ஒருவருடைய உழைப்பு, துலக்கும் தண்ணீர் எல்லாம் செலவான பிறகு கொட்டப்படுவது அது என்பதால் அதன் நட்டமே பெரிது.

காரணம் பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான்: கண்ணளவு. பற்றாமல் போய்விடக்கூடாது என்ற அச்சத்தில் எதிலும் ஒரு கை கூடுதலாகப் போடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளமாகவே கருதப்படுகிறது. மாமியாரின் தாய்வீட்டில் அரிசிப் பானைக்குள் எப்போதும் ஆழாக்கு ஒன்று கிடக்குமாம். 168 மில்லி கொள்ளும் பித்தளை ஆழாக்கு. எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆளுக்கு இத்தனை என்று எண்ணித்தான் உலையில் போடுவார்களாம். அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டு வைத்திருந்ததைத் துலக்கி எங்கள் அரிசி டப்பாவுக்குள் போட்டோம். இப்போது சமைப்பதற்கு முன் மதியம் யார் யார் வீட்டில், யாருக்கு டப்பா, இரவில் சோறா டிபனா என்று கேட்டுவிட்டு, பெரியவருக்கு ஓர் ஆழாக்கு, பிள்ளைகளுக்கு முக்கால் என்று அளக்கிறோம். ஆள் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அத்தையே விடை சொன்னார்: "வந்தா வரட்டும், ரவை இருக்கு, சேமியா இருக்கு, கால்மணி நேரத்துல உப்புமா கிண்டிடலாம். வராதவங்களுக்குத் தினமும் எதுக்கு வடிச்சுக் கொட்டணும்?"

அரிசியை அளப்பது எளிது. குழம்பை அளப்பது கடினம். குழம்பு வைப்பவர்கள் பாத்திரத்தின் அளவுக்கு வைக்கிறார்கள் என்பது என் எண்ணம். பெரிய பாத்திரத்தை எடுத்துவிட்டால் கை தானாகவே தண்ணீரையும் புளியையும் கூட்டிவிடுகிறது. ஆகவே ஒரு லிட்டர்ப் பாத்திரத்தை எடுப்பது என்று வைத்துக்கொண்டோம், அதற்குமேல் கொள்ளாது. அடுத்தபடியாக, எது தாங்கும், எது தாங்காது என்று பார்த்து நாளை வகுத்துக்கொள்வது. வற்றல் குழம்பும் புளிக்குழம்பும் மறுநாள் கூடுதல் ருசியோடு இருக்கும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டும் மோர்க்குழம்பும் அன்றே தீர வேண்டியவை. மறுநாள் ஊருக்குப் போகிறோம் என்று தெரிந்தும் முதல்நாள் இரவு தேங்காய்க் குழம்பு வைத்தால் அது கொட்டுவதற்காகவே வைத்ததுதான். பிள்ளையின் டப்பாவில் மூன்று வகை வைப்பதை நிறுத்தி ஒரே வகையை வைத்தோம். திரும்பி வருவது குறைந்ததுடன் டப்பாவின் தட்டுகளும் இரண்டு குறைந்தன.

தோல், தண்டு, விதை ஆகியவற்றை வீணாக்காமல் சமைப்பதற்குத் தமிழ்ச் சமையலில் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. பீர்க்கங்காய்த் தோல் துவையல், வாழைக்காய்த் தோல் துவட்டல், கீரைத்தண்டு சாம்பார், பலாக்கொட்டைப் பொரியல், முள்ளங்கி இலைப் பொரியல், ரசத்தில் கொத்தமல்லித் தண்டு என்று எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. தர்பூசணியின் சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவிலுள்ள வெள்ளைப் பகுதியைச் சுரைக்காய்போல் பாசிப்பருப்புக் கூட்டு வைக்கலாம், வித்தியாசம் தெரியாது.

மிஞ்சியதைப் புது உணவாக மாற்றும் சமையற் குறிப்புகளில் மட்டும் எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை. ஒரு கிண்ணம் சோற்றைத் தீர்ப்பதற்காகக் கடலை மாவு, வெங்காயம், கால் லிட்டர் எண்ணெய் எல்லாம் செலவழித்துப் பக்கோடா சுட்டு, மூன்று எண்ணெய்ப் பாத்திரங்களைத் துலக்கப் போடுவது எந்த வகையில் சேமிப்பு? பழைய சோறு இதற்கெல்லாம் மேல்: தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதோடு வேலை முடிந்தது, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் போதும், நீராகாரமும் வீணாவதில்லை. ஒரே எச்சரிக்கை, சோற்றைச் சூட்டோடு மூடி வைத்துவிட்டு மணிக்கணக்கில் மறந்துவிடக் கூடாது. பாசிலஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் கொதிக்கும் உலையிலும் சாகாமல் தப்பி, வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. அந்த நஞ்சு மீண்டும் சூடாக்கினாலும் போவதில்லை. மிஞ்சும் என்று தெரிந்தவுடனேயே அகன்ற தட்டில் பரப்பி ஆறவைத்து, குளிர்பெட்டியிலோ தண்ணீரிலோ சேர்த்துவிட வேண்டும். சென்னைக் கோடையில் ஊறும் சோறு விரைவில் புளித்துவிடுவதால் காலையில் முதல் வேளையாக அதைத் தீர்த்துவிடுகிறோம். புளித்த இட்லி மாவுக்கும் ஊத்தப்பமும் குழிப்பணியாரமும் இருக்கின்றன. அதற்குமேல் புளித்தால் விட்டுவிடுவதே நல்லது. வயிற்றைக் குப்பைத்தொட்டியாக்குவது சிக்கனத்தில் சேராது.

எல்லாம் போக எஞ்சும் தோலும் காம்பும் தேங்காய் நாரும் முட்டை ஓடும் பால்கனியில் உள்ள துளையிட்ட மண்தொட்டிக்குப் போகின்றன. ஒரு கை கழிவுக்கு ஒரு கை தென்னைநார்த் தூளோ காய்ந்த இலையோ போட்டு மூடினால் நாற்றம் வருவதில்லை. ஈரம் மிகுந்தால் புழு வைக்கும், காய்ந்தால் மக்காது. சமைத்த உணவை அதில் போடுவதில்லை; எலி வரும். அந்த உரம் கலந்த மண் ஈரத்தை நெடுநேரம் தாங்குவதால் செடிகளுக்கு ஊற்றும் தண்ணீரும் குறைந்திருக்கிறது.

அந்தக் கோடையில் பல ஓட்டல்கள் மதியச் சாப்பாட்டை நிறுத்தின, சில இடங்களில் எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாக வாழையிலை வந்தது. நாங்களும் சில வாரம் தையல் இலையில் சாப்பிட்டோம். மழை பெய்து ஏரிகள் நிரம்பி, குழாயில் நாள் முழுவதும் தண்ணீர் வரத் தொடங்கியதும் இலைச் செலவு கட்டுப்படியாகாமல் தட்டுக்குத் திரும்பிவிட்டோம். காய்கறி கழுவிய நீரை அடுத்த காய்க்கு எடுத்து வைப்பதும் நின்றுவிட்டது. டப் முறை மட்டும் தொடர்கிறது, ஏனென்றால் பாத்திரம் துலக்கும் அம்மாளே அதை விட மறுக்கிறார். நின்று செய்ய முடிகிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது என்கிறார். வேறு இரண்டு வீடுகளிலும் முக்காலி கேட்டு வாங்கியிருக்கிறார். ஆழாக்கும் ஒரு லிட்டர்க் குழம்புப் பாத்திரமும் நிலைத்துவிட்டன. கதவில் ஒட்டும் தாளைப் பண்டிகை முடிந்த மாதங்களில் மட்டும் மீண்டும் ஒட்டுகிறோம், பலகாரமும் பாயசமும்தான் இப்போது எங்கள் வீட்டில் தீராத சிக்கல்.